நீட்டுக் கைக்காரன்

மயிலிட்டி,
ஞாயிறு காலை.

அன்புள்ள ரூபன்,

நானும் ஆரணியும் மாமியும் நல்ல சுகம். பயிற்சி முகாமில் உங்கள் போனை வாங்கி வைத்திருப்பதால், கொழும்புக்கு வரும் ஜெயசுதனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். மாமி பனங்கட்டியும் கட்டித் தந்திருக்கிறா. எடை பார்த்து முடியும்வரை அந்தப் பையைத் திறக்க வேண்டாம்.

நேற்று பயிற்றுநரின் போனில் நீங்கள் கதைத்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பார எடைக் குத்துச்சண்டை இறுதிப் போட்டிக்கு வருபவன் உங்களைவிட ஒரு தலை உயரமாம், கை கதவு நிலை அளவு நீளமாம். அதனால் தோள் நோகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வரப் போகிறீர்களாம். எந்தத் தோள்? போகிற அன்று தனியாக நின்று வள்ளத்தை மணலில் ஏற்றிய தோளா?

நானும் உங்களைவிட உயரம்தானே. கலியாணத்தில் போட்டோக்காரர் உங்கள் காலுக்குக் கீழே பலகை வைத்தபோது அதைத் தள்ளிவிட்டு, “அவ உயரம்தான். அதை ஏன் நான் ஒளிக்க வேணும்?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்ட மனுசன் இப்போது எங்கே போனார்?

நீட்டுக் கை ஒன்றுமில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தூரத்தில் நின்றால் அவன் குத்துத்தான் முதலில் வந்து சேரும். போன வருடம் நீங்கள் தோற்றதும் அப்படித்தான். நெடுவல்போல எட்டி நின்று விளையாடப் பார்த்தீர்கள். ஆனால் வள்ளம் ஊன்றுகிற மரக்கோல் நுனியில் கையுறையைக் கட்டி எத்தனை பின்னேரம் உங்கள் முகத்துக்கு நேரே நீட்டினேன்! நீங்கள் குனிந்து உள்ளே வந்த பிறகு அந்தக் கோலால் எனக்கு ஒரு பயனும் இருக்கவில்லை. மடக்க இடமில்லாத கை, எவ்வளவு நீளமாக இருந்தும் என்ன? மாமிகூட, “அவன்ரை கை நீட்டெண்டால் என்ரை பிள்ளையின்ரை தலை பதிவுதானே, கீழாலை பூந்து போகட்டும்” என்கிறா. அவ ஒரு போட்டியும் பார்த்ததில்லை.

இங்கே இரண்டு நாளாகக் காற்று. ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. ஆரணிக்கு இருமல் விட்டுவிட்டது. அப்பா வெல்லப் போகிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் தடுக்கவில்லை, எனக்கும் அதே எண்ணம்தான்.

ஆகவே மேடை ஏறுங்கள். பின்னுக்குப் போகாதீர்கள். மயிலிட்டிப் பிள்ளையார் உங்களோடு நிற்பார். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். போட்டி முடிந்ததும் யாருடைய போனையாவது வாங்கி எனக்கு எடுங்கள். வென்றதையோ தோற்றதையோ முதலில் சொல்ல வேண்டாம். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அது நாக்குக் குழறாமல் தெளிவாகக் கேட்டால், மற்றதைப் பிறகு ஆறுதலாகச் சொல்லலாம்.

உங்கள்
சுபாஜினி