ஆரல்வாய்மொழிக் காற்றின் மேல் பழி

ஆனி, செவ்வாய் இரவு

துப்பாக்கி கிளப்பில் இவருடைய குண்டுகள் இன்றைக்கும் இலக்கின் கறுப்பு வட்டத்துக்குக் கீழேதான் போய் விழுந்தன. போன வாரம் தோட்டா சரியில்லை என்றார். இன்றைக்கு ஆரல்வாய்மொழிக் காற்றாம். கணவாய்க் காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளும், சரி. கீழே ஏன் தள்ளும்? அதே துப்பாக்கியில் நான் சுட்டதெல்லாம் நடுவில் போய் விழுந்தது.

"ஏட்டி, நீ சுடச்சில காத்து நின்னுட்டுல்லா" என்றார், கிளப்பில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி.

பிறகு கை வேர்க்கிறது, நீயே தோட்டாவைப் போட்டுத் தா என்றார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வைக்கும் சோதனை ஒன்று உண்டு. அதை இவருக்கு வைத்தேன். தோட்டா போடாமலே துப்பாக்கியைக் கொடுத்தேன்.

படுத்துக் குறி பார்த்து விசையை இழுத்தார். 'டிக்' என்று மட்டும் கேட்டது. வெடிக்காத துப்பாக்கி அவர் கையில் துள்ளி, முனை தரையைப் பார்த்துக் குனிந்தது. கண்களை இறுக்க மூடியிருந்தார். இவ்வளவு நாளும் வெடிச் சத்தத்துக்குப் பயந்துதான் சுட்டிருக்கிறார்.

"இப்பக் காத்து எப்பிடி அடிச்சு?" என்று நானும் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன். பக்கத்து இலக்கில் சுட்டுக்கொண்டிருந்த ராபின் அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார்.

வீட்டுக்கு வந்து இவர் சாப்பிடவில்லை. இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார், தூங்கவில்லை. சேலையை மடித்து வைத்துவிட்டு அலமாரிக் கதவை அறைந்து சாத்தினேன். அவர் தோள் தூக்கிப் போட்டது.

கதவைத் திறந்து இன்னொரு தடவை சாத்தினேன்.