நான் பார்க்காமல் தள்ளிய இருபது நொடி

அன்புள்ள மலர் அண்ணிக்கு,

அது உண்மையான வெடிப்புதான். நீங்கள் சொன்னதுதான் சரி. சிரிக்காதீர்கள். சரி, சிரித்தாலும் பரவாயில்லை, அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டு மாதமாகிறது.

ஸ்ரீரங்கத்தில் ஒரே வீடு, திருச்சியில் ஒரே கல்லூரியில் இயற்பியல் வேலை, துறையில் இருவருக்கும் சேர்த்து ஒரே கணினி. அண்ணியும் நாத்தனாரும் இதற்கு மேல் எப்படி ஒட்டிக்கொண்டிருக்க முடியும்? விண்வெளித் தொலைநோக்கி வாராவாரம் அனுப்பும் பதிவுகளில், சில நொடிகள் மட்டும் மின்னி மறையும் எக்ஸ் கதிர் வெடிப்புகளைத் தேடுவது நம் வேலை. ஒன்றை நிஜமென்று தொலைநோக்கிக் குழுவுக்கு அனுப்ப இருவரும் சம்மதிக்க வேண்டும். ஒருத்தி மறுத்தாலும் தள்ளிவிட வேண்டியதுதான். இந்த விதியைப் போட்டவருக்கு நம் வீட்டைப் பற்றித் தெரியாது.

அந்த இருபது நொடி வெடிப்பில் நான் நேரத்தை மட்டும்தான் பார்த்தேன். பூமியைச் சுற்றும் விண்கலம், கதிர்வீச்சு மிகுந்த பகுதியை நெருங்கிய நேரம் அது. அப்போதெல்லாம் துகள்கள் கருவியில் மோதிப் பொய் வெளிச்சம் காட்டும். படத்தைத் திறக்காமலே தள்ளிவிட்டேன். மறுநாள் காலை, சத்திரம் பேருந்து நிலையம் போகிற பஸ்ஸில் நீங்கள் ஆரம்பித்தீர்கள்.

"படத்தப் பாத்தியா செல்வி? கூட்டல் குறி மாதிரி விழுந்திருக்கு. தொலைநோக்கியோட கண்ணாடி வழியா வந்த வெளிச்சந்தான் அப்படி விழும்."

"அந்த நேரத்துல வர்றதெல்லாம் குப்பை அண்ணி."

"பாக்காமலே குப்பைன்னா எப்படி?"

காவிரிப் பாலம் முழுக்க இதே சண்டை. கண்டக்டர் வந்து, "அக்கா, டிக்கெட்ட வாங்கிட்டு சண்டை போடுங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. கல்லூரியில் நீங்கள் படத்தை நீட்டியபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறிவியல் காரணம் ஒன்றும் கிடையாது அண்ணி, வெறும் வீம்பு.

பத்தே நாளில் உங்கள் இதயம் நின்றுபோனது. அதற்குப் பிறகு அந்தப் படத்தைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுச் செய்தி: இப்போது அண்ணன்தான் சமைக்கிறார். ரசம் தேவலை. சாம்பாரைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள்.

போன வாரப் பதிவில் ஒரு வெடிப்பு இருந்தது. இம்முறை விண்கலம் கதிர்வீச்சுப் பகுதிக்கு வெகு தூரத்தில். வானத்தில் அது மின்னிய இடத்தை எங்கோ பார்த்த ஞாபகம். தள்ளியவற்றின் பட்டியலில் தேடினேன். அதே இடம். பழைய பதிவை மறுபடி தருவித்து, முதல் முறையாகப் படத்தைத் திறந்தேன். அச்சு அசலாகக் கூட்டல் குறி! பட்டப்பகலில், துறையில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். பக்கத்து மேசை பாத்திமா மேடம், "யா அல்லா, என்னம்மா ஆச்சு?" என்று பதறி எழுந்துவிட்டார்.

அந்த இடத்தில் இறந்துபோன விண்மீன் ஒன்று, பக்கத்து விண்மீனிடமிருந்து வாயுவை இழுத்துத் தன்மேல் குவித்துக்கொள்கிறதாம். போதுமான அளவு சேர்ந்ததும் குபீரென்று எரிகிறது. மறுபடி சேர்கிறது, மறுபடி எரிகிறது. இன்னும் பல முறை எரியும் என்கிறார்கள்.

முதல் வெடிப்பைச் சொல்லாமல் விட்டிருந்தால், கண்டுபிடித்தவள் என்று என் பெயர் மட்டும் வந்திருக்கும். அரை நாள் அந்தப் புத்தியும் வந்தது, மன்னித்துவிடுங்கள். பிறகு உட்கார்ந்து குழுவுக்கு எழுதினேன்: "முதலில் கண்டவர் மறைந்த மலர்விழி. படத்தைப் பார்க்காமல் நிராகரித்தவர் செல்வி."

அண்ணன் இரண்டு தடவை படித்தார். "இத நீயே எழுதணுமா?"

"நான்தானே அண்ணே தள்ளுனேன்."

அந்த வரியில் விரல் வைத்தார். பிறகு, "அந்த 'மறைந்த' மட்டும் வேணாமே" என்றார். எடுத்துவிட்டேன்.

நேற்று பதில் வந்தது. உங்கள் பெயரைத்தான் முதலில் போடுகிறார்கள். அடுத்த மாதம் முதல் தொலைநோக்கி அந்த இடத்தைத் தொடர்ந்து கவனிக்கப் போகிறது.

நான் தள்ளியவை இன்னும் நிறைய இருக்கின்றன. ஒன்று விடாமல் எல்லாப் படங்களையும் திறந்து பார்க்கிறேன், இது சத்தியம். உங்களிடம் தோற்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறதென்று தெரிந்திருந்தால், நீங்கள் இருக்கும்போதே தோற்றிருப்பேன் அண்ணி.

உங்களோடு சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும் நாத்தனார்,
செல்வி