பக்கத்து சீட்டு பிரேக்

மார்ச் 3
காருக்குப் புது மேட் வாங்கப் போனேன். கடைக்காரர் பழையதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எப்பவும் ஓட்டுறவர் பக்கம்தான் சார் தேயும். உங்களுக்கு என்ன, பக்கத்து சீட்டு மேட்ல ஓட்டை விழுந்திருக்கு?"

என்னத்தைச் சொல்ல? அங்கே உட்காருவது என் மனைவி. பதினோரு வருஷமாக நான் ஓட்ட, அவள் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருகிறாள். இத்தனைக்கும் வண்டியில் ஒரு கீறல் கிடையாது!

மார்ச் 8
அவள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினேழு 'ஏங்க'. எண்ணினேன். "ஏங்க, போனைக் கீழ வைங்க." "ஏங்க, முன்னாடி வண்டி." "ஏங்க, மெதுவா." எனக்கு ஒரு கையும் ஒரு கண்ணும் போதும் என்பது இவளுக்கு எப்போதுதான் புரியுமோ. "இனிமே வாயைத் திறந்தா நீயே ஓட்டிக்கோ" என்று கத்திவிட்டேன்.

மார்ச் 9
இன்று முழுக்க ஒரு 'ஏங்க' கூட இல்லை. ஜெயித்துவிட்டேன்.

மார்ச் 14
எழுதக் கை வரவில்லை. ஓட்டும்போது போன் ஒலித்தது. ஆபீஸ் குழுவில் யாரோ அனுப்பிய ஜோக். ஒரு நொடிதான் பார்த்தேன் — நிமிர்ந்தால் சிக்னலில் நின்ற வேன். அதில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. அவளுக்கு வலது கணுக்கால் முறிந்துவிட்டது. முழு பலத்தோடு ஊன்றியிருந்தாளாம்.

"அப்படி என்னம்மா மிதிச்சீங்க?" என்றார் டாக்டர்.

"பிரேக்கு, டாக்டர்."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? ஒரே ஒரு தடவை 'ஏங்க'ன்னு சொல்லியிருக்கலாம்ல! எப்படிச் சொல்லுவா? வாயை அடைச்சவனே நான்தானே, பாவி.

அந்த ஜோக்கும் நன்றாக இல்லை.

ஏப்ரல் 2
மாவுக்கட்டோடு உட்கார்ந்து உத்தரவு போடுகிறாள். "ஏங்க, பால் பொங்குது." "ஏங்க, அடுப்பை அணைங்க." எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஜூலை 20
நன்றாக நடக்கிறாள். நடந்து வந்து சொன்னது: "நீங்க ஓட்டுற வண்டில இனிமே நான் ஏறமாட்டேன். நானே கத்துக்கப் போறேன்." வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆகஸ்ட் 18
டிரைவிங் பள்ளிக்காரர் ஆச்சரியப்படுகிறார். "கியர்தான் சார் கொஞ்சம் தகராறு. பிரேக் மட்டும் நான் சொல்லித் தரவே இல்ல. இதுக்கு முன்னாடி எங்க பழகினாங்க?"

மீதி பீஸைக் கட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அக்டோபர் 5
லைசென்ஸ் வந்துவிட்டது. முதல் பயணம், அக்கா வீட்டுக்கு. அவள் போன் கைப்பைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பக்கூட இல்லை. திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவள் நிதானமாக நிறுத்தி, சைக்கிளைப் போகவிட்டு, என் காலைப் பார்த்தாள்.

"ஏங்க, மெதுவா மிதிங்க. மேட் புதுசு."