பாப்பா கோர்த்த ஊசிகள்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போன வாரம் கிடங்கில் மூட்டை இறக்கும்போது சட்டையில் இரண்டு பொத்தான்கள் தெறித்துவிட்டன. வேறொன்றுமில்லை, பயப்படாதே. தைக்கலாமென்று பெட்டியைத் திறந்தால், நூலோடு ஓர் ஊசிகூட மிச்சமில்லை. அப்பாவுக்கு ஊசிக் காது கண்ணுக்குத் தெரியாதென்று, நான் இங்கே புறப்படும்போது, கேட்காமலேயே, மாதத்துக்கு ஒன்றாக இருபத்து நாலு ஊசியில் நூல் கோர்த்து வைத்தாளே, அந்த மகராசி! ஒவ்வொன்றை எடுக்கும்போதும் அவளே எதிரில் உட்கார்ந்து நீட்டுவது போலிருக்கும். இங்கே லோடு எடுக்க வரும் லாரிக்காரர் ஒருமுறை இரவல் கேட்டார்.

“உயிரைக் கேளு, தர்றேன். ஊசியைக் கேக்காதே” என்றேன்.

“சரியான கஞ்சன்யா நீ!” என்று சிரித்தார்.

இரண்டு வருஷம் முடிந்துவிட்டதென்று முதலாளியிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். அது தன் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, போய் வேலையைப் பார் என்றார். தொலைந்துபோகும் என்ற கவலை நமக்கில்லை. வாசல் கேட்டையும் எப்போதும் பூட்டியே வைப்பதால் திருட்டுப் பயமும் இல்லை.

லாரிக்காரருக்கு வேறு கம்பெனி. லீவில் ஊருக்கு வருகிறார், அடுத்த மாதம் இங்கே திரும்புவார். வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார். வெறும் ஊசிகளை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பாப்பாவிடம் ஒன்றை மட்டும் கொடுத்து நூல் கோர்க்கச் சொல். ஏன் ஒன்றே ஒன்று என்று கேட்பாள். அது போதும், அதற்குள் அப்பா வந்துவிடுவார் என்று சொல்.

அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, மீதி இருபத்து மூன்றிலும் நீ கோர்த்து வை.

இப்படிக்கு,
பாப்பா அப்பா