குளத்து நத்தைகளும் மாமாவின் மீன் தொட்டியும்

ஏப்ரல் 2, வியாழன்

ஆபீசுக்குப் பின்னால் உள்ள குளத்தில் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். வாளியைத் தூக்கினால் அடியில் நத்தைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன! பழுப்பு ஓடு, அதில் சுற்றிச் சுற்றி மெல்லிய கோடுகள். திருப்பிப் போட மனசு வரவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, அதில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இவர் டப்பாவைத் திறந்தார். "காலைல நான் கட்டிக் குடுத்த சாப்பாடு உயிரோட திரும்பி வந்திருக்கே!"

மாமா கூடத்தில் தன் மீன் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். இவருடைய அப்பா, ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை என்னிடம் அவர் பேசியதை எல்லாம் சேர்த்து எழுதினாலும் ஒரு பக்கம் தேறாது. இன்று பேசினார்: "குளத்துல இருக்கறதோட என்னென்னவோ ஒட்டிக்கிட்டு வரும்மா. என் மீன் பக்கம் வரக்கூடாது."

ஏப்ரல் 5

நத்தைகள் தனியாக ஜாம் பாட்டிலில். இன்று தண்ணீர் மாற்றும்போது அடியில் நூல் மாதிரி ஓர் அட்டை நெளிந்தது. ஐயோ! இடுக்கியால் எடுத்துவிட்டு மாமாவிடமே போய்ச் சொன்னேன்.

"ம்" என்றார். அந்த 'ம்'மில் எவ்வளவு குஷி!

ஏப்ரல் 19, ஞாயிறு

அதற்குப் பிறகு அட்டை எதுவும் இல்லை. எங்கள் அறை ஜன்னலோரம் நத்தைகளுக்கென்று சின்னக் கண்ணாடித் தொட்டி வைத்தாகிவிட்டது. கண்ணாடியில் ஏறும்போது வாய் திறந்து திறந்து மூடுவது இந்தப் பக்கத்திலிருந்து தெரிகிறது. பாசியை வழித்துக்கொண்டே போன வழி பளிச்சென்று இருக்கிறது. துணி மடிக்க உட்கார்ந்தவள் மடிக்கவே இல்லை.

ஏப்ரல் 26

மாமா எங்கள் அறை வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். "உன் கண்ணாடி மட்டும் எப்படி இவ்ளோ சுத்தமா இருக்கு?" அவர் தொட்டியின் பின்பக்கம் முழுக்கப் பச்சை. இருப்பதிலேயே பெரியவளைக் கொடுத்தேன். "ஒண்ணே ஒண்ணுதான்" என்று வாங்கிக்கொண்டார், ஏதோ எனக்கு உபகாரம் செய்வதுபோல.

மே 3

மாமாவின் ஏஞ்சல் மீன்கள் முதல்முறையாக இலையில் முட்டை வைத்திருந்தன. காலையில் பார்த்தால் இலை காலி. பக்கத்தில் பெரியவள்.

"தின்னுடுச்சு! உன் நத்தை தின்னுடுச்சு!"

அவ தின்னதை யார் பார்த்தது? பக்கத்துல இருந்தா குத்தமா? நானா கொண்டு போய் விட்டேன்? அவர்தானே வந்து கேட்டார்! — இதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. சமையலறையில் போய் அழுதேன். நத்தைக்காக அழுதேனா, எனக்காகவா?

மே 4

பெரியவளை எடுத்து வந்துவிட்டேன். மாமா பேப்பரிலிருந்து நிமிரவில்லை.

மே 15, வெள்ளி

மறுபடி முட்டை வைத்திருந்தன. மாமா நாற்காலியைப் போட்டுக் காவல். மத்தியானம் நான் வீட்டுக்குள் நுழைகிறேன், கூடத்திலிருந்து குரல்:

"இங்க வா, இங்க வா! கண்ணால பார்த்தேன். அப்பன்காரனே ஒவ்வொண்ணா முழுங்கறான்! பெத்த அப்பன்!"

நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவர் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு அவரும் சிரித்தார். இந்த வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை.

"அநியாயமா அவ மேல பழி போட்டுட்டேனேம்மா" என்றார். "அவ" என்றார்! "அது" இல்லை.

மே 17

பெரியவள் குட்டி போட்டிருக்கிறாள்! முட்டை இல்லை, குட்டி. கடுகு அளவில், முதுகில் ஓடு, தலையில் கொம்பு, எல்லாம் முழுசாக! மாமா பூதக்கண்ணாடியும் கையுமாக எங்கள் அறையிலேயே குடியிருக்கிறார். இவர் துண்டைக் கட்டிக்கொண்டு, சட்டை மாற்ற இடம் தேடி அலைகிறார்.

மே 18

மாமாவின் தங்கை போன் செய்தார். எடுத்த எடுப்பில் அழுகை.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! நல்லபடியா இருக்கியா? என்ன குழந்தை?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தால், நேற்று மாமா அவரிடம் சந்தோஷத்தில், "மருமக ரூம்ல குட்டி பொறந்திருக்கு" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாராம். நத்தைக் குட்டி என்று நான் சொன்னதும், "அண்ணனுக்குப் பேசத் தெரிஞ்சாத்தானே!" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. மாமா மட்டும், "நான் சொன்னதுல என்ன தப்பு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஜூன் 9

வேலை விஷயமாக வெளியூர். விடுதி அறை. சாயங்காலம் மாமாவிடமிருந்து போன். இதுவரை அவராக எனக்குப் போன் செய்ததே இல்லை, பதறிப்போய் எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லா இருக்காங்க. ஒரு வாண்டு மட்டும் மூடி வரைக்கும் ஏறிடுச்சு. எடுத்து தண்ணிக்குள்ள விட்டேன்."

"சரி மாமா."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நீ சாப்டியாம்மா?"