சனிக்கிழமைக்குள் தண்ணீர்

அக்டோபர் 2, திங்கள்

காலை ஷிஃப்ட். உணவகத்தில் இன்னொருத்தி வராததால் பான்கேக் கல்லிலும் நானே நின்றேன். திரும்பி வந்தால், நாங்கள் குடியிருக்கும் கேரவன் வண்டியில் தண்ணீர் மோட்டார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை; அப்படியானால் எங்கோ கசிகிறது. கர்ர்ர் என்று ஓடி நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். ஷவர் பக்கத்துத் தரையைக் காலால் அழுத்திப் பார்த்தேன். ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போனது.

வெர்னா வெளியே நாற்காலி போட்டு, ஆற்றைப் பார்த்தபடி புகைத்துக்கொண்டிருந்தாள்.

"அது ஒரு வாரமாவே அப்படித்தான் ஓடுது. சொன்னா நீ கவலைப்படுவ."

"இப்ப?"

"இப்ப நீயே கண்டுபிடிச்சிட்டியே."

புருஷன் விட்டுப் போன பிறகு அவன் அம்மாவோடு குடித்தனம் நடத்துகிறவள் மொன்டானாவில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். கர்ட் இன்னொருத்தியோடு போய், வீடும் விற்றுப் போனபோது, "என் வண்டில ரெண்டு கட்டில் இருக்கு" என்றாள் மாமியார் வெர்னா. அவ்வளவுதான் பேச்சு. ஏப்ரலிலிருந்து இந்த முகாமில் இருக்கிறோம்.

அக்டோபர் 3, செவ்வாய்

கசிவு நிற்கட்டும் என்று மோட்டாரை அணைத்து வைத்தேன். அதனால் உள்ளே தண்ணீர் இல்லை. முகாமின் பொதுக் கழிப்பறைக்கு நடக்க வேண்டும். காலையில் புல்லெல்லாம் உறைபனி. வெர்னா வழுக்கி விழுந்தாள். எலும்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் வீங்கியிருக்கிறது.

மத்தியானம் அவளே கர்ட்டுக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை வண்டியை வாங்க ஓர் ஆளைக் கூட்டி வருகிறானாம். மிசூலாவில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் அவளுக்கு அறையும் பார்த்து வைத்திருக்கிறானாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வரட்டும்னு சொன்னேன். எழுபத்தி நாலு வயசுல கக்கூஸுக்காகப் பனியில நடக்க முடியாது, ட்ரூடி."

அவள்மேல் எப்படிக் கோபப்படுவது? வண்டி அவளுடையது. விற்றால் நீ எங்கே போவாய் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமைக்குள் இதில் தண்ணீர் வந்துவிட்டால்?

அக்டோபர் 4, புதன்

ஷவருக்குப் பின்னால் இருக்கும் அலமாரியைக் காலி செய்து, பின்பலகையைக் கழற்றினேன். ஒவ்வொரு ஜாயிண்டையும் துடைத்து, டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு மோட்டாரைப் போட்டேன். எல்லாம் காய்ந்தே இருந்தன. கடைசியில், மூலையில் பைப்பை வளைத்துத் திருப்பும் எல்போ இணைப்பில் சுற்றிய காகிதம் மட்டும் கரைந்து விழுந்தது. மகிழ்ச்சியில் கத்திவிட்டேன். ஒழுகும் குழாயைப் பார்த்து மகிழ்கிற பைத்தியம்!

துடைத்து, காயவைத்து, ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றினேன். ஒரு பாத்திரம் கழுவுவதற்குள் டேப் பலூன் மாதிரி உப்பி, பக்கவாட்டில் பீய்ச்சியது.

வெர்னா எட்டிப் பார்த்தாள். "கர்ட்டா இருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அக்டோபர் 5, வியாழன்

ஐயோ, இன்றைக்கு என்ன சொல்ல. புது எல்போ பாக்கெட் ஒன்று வாங்கி வந்தேன். பைப்பை உள்ளே தள்ளினால் தானே பிடித்துக்கொள்ளும் வகை. பழைய எல்போவை ரம்பத்தால் அறுத்தெடுத்து, புதியதில் பைப்பைச் செருகி, "மோட்டாரைப் போடுங்க!" என்று கத்தினேன். வெர்னா போட்டாள். ஒரு நொடி அமைதி. அப்புறம் எல்போ தெறித்து, ஐஸ் தண்ணி மொத்தமும் என் மூஞ்சில.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"இன்னும் அழுத்தணுமா? இதுல ஒரே பட்டன்தான்டி இருக்கு!"

நனைந்துபோய் அலமாரிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். என்னால முடியலன்னா முடியல. யாருக்காக இதெல்லாம்? அவ எப்படியும் அறைக்குப் போகப்போறா. நான் கார்ல தூங்கிக்கிறேன், போ.

வெர்னா ஒரு துண்டை என் தலையில் போட்டாள். தரையில் கிடந்த பழைய எல்போவை எடுத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீளவாக்கில் பிளந்திருந்தது.

"இது பனில வெடிச்சது," என்றாள். "உள்ள தண்ணி நின்னு உறைஞ்சு மயிரிழையா கீறியிருக்கு, இப்பதான் முழுசா பிளந்திருக்கு. போன பனிக்காலத்துக்கு முன்னாடி தண்ணிய வடிச்சிட்டேன்னு சொன்னான் கர்ட்."

நேற்றே எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெற்றவளிடம் எப்படிச் சொல்வது என்று வாயைத் திறக்கவில்லை.

எல்போவைக் கீழே வைத்துவிட்டு அலமாரிக்குள் குனிந்து, "நீ அறுத்த பைப் கோணலா இருக்கு, பாரு. நாய் கடிச்ச மாதிரி. அதான் பிடிக்கல," என்றாள்.

அக்டோபர் 6, வெள்ளி

வேலை முடிந்ததும் ஹார்டுவேர் கடைக்குப் போய் பைப் வெட்டுகிற கத்தரியே வாங்கிவிட்டேன். வெண்ணெய் வெட்டுவதுபோல நேராக வெட்டியது. பிசிறைச் சுரண்டி, எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டு, கோடு மறையும்வரை முழு பலத்தோடு தள்ளினேன். வெர்னா, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, டார்ச் பிடித்தாள்.

மோட்டார் ஓடியது. நின்றது. காகிதம் காய்ந்தே இருந்தது.

மறுபடி ஓடிவிடுமோ என்று இரண்டு பேரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தோம். சூப் ஆறிப்போனது. மோட்டார் ஓடவே இல்லை. வெர்னா என் முட்டியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

நாளைக்கு என்ன சொல்வாள்? கேட்கப் பயம்.

அக்டோபர் 7, சனி

கர்ட் வந்தான். இளைத்திருக்கிறான். கூடவே வாங்க வந்தவர், தொப்பி போட்ட சாதுவான மனிதர். எங்கே அம்மா என்றான். "குளிக்கிறாங்க," என்றேன்.

"குளிக்கிறாங்களா? தண்ணிதான் வரலியே?"

"வருது."

இந்த வண்டியின் ஹீட்டரில் இருக்கும் சுடுதண்ணீர் நம்மைப் போன்றவர்கள் அவசரமாகக் குளிக்கத்தான் காணும். அவளோ சாவகாசமாகக் குளித்தாள். உள்ளே சத்தமாகப் பாட்டு வேறு. வந்தவர் ஜன்னலையும் டயரையும் இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தார். கர்ட் அலமாரியைத் திறந்து என் ஜாயிண்டைத் தொட்டுப் பார்த்தான்.

"யாரு பண்ணது?"

"நான்."

"நல்லாத்தான் இருக்கு," என்றான். உண்மையாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. வேலை சரியாக இருப்பது எனக்கு முன்பே தெரியும்.

வெர்னா தலையில் துண்டோடு, முகமெல்லாம் சிவந்து வெளியே வந்தாள். வந்தவரிடம், "மன்னிச்சிருங்க, வீணா அலைய வச்சுட்டேன். வண்டிய விக்கல," என்றாள்.

"அம்மா, பனிக்காலம் வருது. நீ இங்க எப்படி..."

"இங்க யாருடா இருக்கப்போறா? நாங்க தெற்க, அரிசோனா வெயிலுக்குப் போறோம்."

எனக்கே அப்போதுதான் தெரியும்.

"இவளோட வேலை?"

"அரிசோனாக்காரன் காலைல முட்ட சாப்பிட மாட்டானா?"

கர்ட் சிரிக்கப் பார்த்தான். அவள் அவன் கன்னத்தைத் தொட்டு, "கிறிஸ்துமஸுக்கு அங்க வா. ஆனா பைப் பக்கம் போகாத," என்றாள்.

அக்டோபர் 10, செவ்வாய்

ஊறிய தரையை வெட்டி எடுத்துப் புதுப் பலகை போட்டேன். முதுகு போயிற்று. வியாழன் புறப்பாடு.

நவம்பர் 14, செவ்வாய்

அரிசோனாவில் யூமா. வெளியே அரைக்கை சட்டை போடும் வெயில். இங்கே கிடைத்த உணவக வேலை பழகிவிட்டது.

மத்தியானம் திரும்பியபோது வெர்னாவைக் காணோம். ஸ்பேனர், கத்தரி, டார்ச், மீதி எல்போக்கள் எதையும் காணோம். தேடிக்கொண்டு போனால், நாலு வண்டி தள்ளி நீல டிரெய்லர்க்காரர் தன் சிங்க் அடியில் பாதி உடம்பை நுழைத்துப் படுத்திருக்கிறார். கால் மட்டும் வெளியே தெரிகிறது. வெர்னா பக்கத்தில் நாற்காலி போட்டு, டார்ச்சைக் கீழே காட்டிக்கொண்டிருக்கிறாள்.

"தள்ளுங்க, இன்னும் தள்ளுங்க. கோடு மறையணும். எங்க வீட்ல எல்லாம் அப்படித்தான் செய்வோம்."

என்னைப் பார்த்ததும், "நீ போய்ச் சாப்பிடு, ட்ரூடி. இத முடிச்சிட்டு இன்னொரு வண்டிக்கும் போகணும்," என்றாள்.