பத்த வைங்க அண்ணாச்சி

பிரியமுள்ள மதினிக்கு,

அண்ணன் செல்போன் வாங்கியிருக்கிறான். எல்லோருடைய எண்ணையும் பதிந்து தரச் சொன்னான். தந்த பிறகு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதில் பதிய உங்களுக்கு ஓர் எண் இருந்ததே இல்லை.

நான் எழுத வந்தது அவனைப் பற்றி அல்ல. அந்த எண்ணெய்க் கடைக்காரரைப் பற்றி.

நாரணாபுரத்தில் முதுகில் பை மாட்டி மலையேறிய ஒரே மருமகள் நீங்கள்தான். கல்லூரியில் தாவரவியல் நடத்திவிட்டு, மாதம் ஒருமுறை மாணவிகளை ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்குக் கூட்டிப் போவீர்கள். காட்டில் விறகு ஒடிக்கக் கூடாது என்று மதுரைப் பழைய சாமான் கடையில் தேடி, பைக்குள் அடங்கும் சின்னப் பித்தளை பம்ப் ஸ்டவ் வாங்கி வந்தீர்கள். அதற்கு எண்ணெய் தேடி எத்தனை அலைச்சல். டீசல் பாத்திரத்தைக் கரியாக்கியது. ரேஷன் மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் நாசில் துளையை அடைத்தது. பெட்ரோல் ஊற்றினால் என்ன என்று நான்தான் கேட்டேன்.

"வேண்டாம் தாயி. பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறேன். சிந்துனா சட்டுனு பத்தாத எண்ணெதான் எனக்கு வேணும்."

கடைசியில் வெள்ளை மண்ணெண்ணெய் என்று முடிவு செய்து, அவர் கடையில் ஒரு கேன் வாங்கினீர்கள். எந்த எண்ணெயையும் வீட்டில் ஒருமுறை எரித்துப் பார்க்காமல் மலைக்குக் கொண்டுபோக மாட்டீர்கள். அந்தப் பழக்கம் பிள்ளைகளைக் காப்பாற்றியது. உங்களை?

கொல்லையில் நாலைந்து முறைதான் பம்ப் அடித்திருப்பீர்கள். ஸ்டவ் வெடித்தது. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். அதற்கு முன் மாஜிஸ்திரேட்டிடம் தெளிவாகச் சொன்னீர்கள், "அது மண்ணெண்ணெய் இல்லை" என்று.

ஸ்டவ் வெடித்து மருமகள் செத்தால் ஊர் முதலில் யாரைப் பார்க்கும்? அம்மாவையும் என்னையும் போலீஸ் மாற்றி மாற்றி விசாரித்தது. உங்கள் வாக்குமூலம்தான் எங்களை வெளியே விட்டது. ஊர் விடவில்லை. அந்தக் கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "எண்ணெயில என்ன இருக்கு? அந்த வீட்டு நாத்தனாக்காரியக் கேளுங்க."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெறுப்புதான் இறங்கியது.

கேனில் மிச்சம் இருந்ததில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பார்த்தேன். பாதி உடனே காய்ந்துவிட்டது. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மை வளையம். எட்டு வருடம் அச்சகத்தில் வேலை பார்த்தவளுக்கு அந்த வாடை தெரியாதா? மிஷின் ரோலர் கழுவிய பெட்ரோல். எங்கள் கம்பெனிப் பின்வாசலில் அந்தக் கழிவை டின் டின்னாக ஏற்றிப் போனவர் அவர்தான். எத்தனையோ நாள் நானே ஒதுங்கி வழிவிட்டிருக்கிறேன், மதினி.

உடனே அவர் கடைக்குப் போகவில்லை. நீங்கள் செத்த பயத்தில் அவர் டின் எடுப்பதை நிறுத்தியிருந்தார். காத்திருந்தேன். தீபாவளி சீசன் வந்தது, பட்டாசு லேபிள் ஆர்டர் குவிந்தது, கழிவும் பெருகியது. ஒரு நாள் டின்கள் மறுபடி வண்டியேறின. மறுநாள் காலையில் உங்களுடையதைப் போலவே ஒரு ஸ்டவ்வை எடுத்துக்கொண்டு போனேன். கடை முன்னால் பத்துப் பதினைந்து பெண்கள் கேனோடு நின்றார்கள். அவர் கையாலேயே ஸ்டவ்வில் எண்ணெயை ஊற்ற வைத்தேன்.

"பத்த வைங்க அண்ணாச்சி."

"இங்கன எதுக்குத்தா? வீட்ல போயி பத்த வை."

"மதினியும் வீட்லதான் பத்த வச்சாக."

அவர் மேசையில் கிடந்த தீப்பெட்டியைத் தொடவில்லை. வரிசையில் முதலில் நின்றவள் சொன்னாள், "மண்ணெண்ணெதான அண்ணாச்சி? பத்த வைங்க, பாப்பம்." அவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டி நின்றார். அவள் தன் கேனை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். ஒவ்வொருத்தியாக வைத்துவிட்டுப் போனார்கள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். என் சேலை முந்தியிலும் ஒரு தீப்பெட்டி இருந்தது. அந்தப் பெண்கள் அங்கே நிற்காவிட்டால் நானே உரசியிருப்பேன்.

விஷயம் தெரிந்து அதிகாரிகள் வந்து எண்ணெயில் மாதிரி எடுத்தார்கள். கடைக்கு சீல் வைத்தார்கள். டின் வெளியே போன கதையை அதிகாரிகளிடம் சொன்னதற்காகக் கம்பெனியில் என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். போகட்டும். போன வாரம் கடைக்காரர் தன் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். அந்த அம்மா, "மனசு எரங்கு தாயி. பிள்ளகுட்டிக்காரக நாங்க" என்று அழுதது.

"நாத்தனாக்காரியக் கேளுங்கன்னு சொன்னீகள்ல. கேட்டுட்டீக. எரங்க மாட்டேன்" என்றேன்.

அண்ணன் கேட்டான், "போன உசுரு திரும்பவா போகுது?" அவனோடு இரண்டு நாளாகப் பேச்சில்லை. நீங்களும் விட்டுவிடச் சொல்வீர்களோ? உங்கள் குணத்துக்குச் சொன்னாலும் சொல்வீர்கள். உங்கள் பேச்சை நான் தட்டியதே இல்லை. இதில் தட்டுவேன்.

விருதுநகர் கோர்ட்டில் அவர் மேல் உள்ள வழக்குக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தா போடுகிறார்கள். எத்தனை வருடம் இழுத்தாலும் ஒவ்வொரு முறையும் அவர் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் தப்பித்து, வேறு ஊரில், வேறு பெயரில் கடை திறந்தால், முதல் நாள் வரிசையில் முதல் ஆளாக நான் நிற்பேன். இது சத்தியம், மதினி.

ஊர் என்ன சொன்னாலும் என்றும்
உங்கள் நாத்தனார்,
பேச்சியம்மாள்